பதினோராவது பொம்மை

நவராத்திரிக்கு முந்தைய மாதங்களில் விருத்தாசலத்துப் பீங்கான் தொழிற்பேட்டைப் பக்கம் போனால், பலகைகளின் மேல் பொம்மைகள் வரிசையாக நிற்பதைப் பார்க்கலாம். இன்னும் கண் எழுதாத பொம்மைகள். களிமண்ணைக் கரைத்து அச்சில் ஊற்றுகிறார்கள். இறுகியதும் பிரித்து, பிசிறு சீவி, காயவைத்து, சூளையில் சுட்டு, பிறகு வண்ணம் பூசுகிறார்கள். சீவுவதும் துடைப்பதும் வண்ணம் பூசுவதும் பெரும்பாலும் பெண்கள். என் மாணவிகள் சிலரின் அம்மாக்கள் அந்தப் பலகைகளின் முன்னால் உட்கார்ந்து சம்பாதித்த காசில்தான் அவர்கள் கல்லூரிக்கு வருகிறார்கள். பலகைக்கு இத்தனை பொம்மை என்று கணக்கு உண்டு. ஒன்று குறைந்தாலும் மாலைக்குள் கேள்வி வரும்.

1939இல் அகதா கிறிஸ்டி எழுதிய ஒரு நாவலிலும் பீங்கான் பொம்மைகள் வருகின்றன. ஆங்கிலேயக் கடலோரத்தில் ஒரு தீவு, அதில் ஒரு பங்களா, சாப்பாட்டு மேசை நடுவில் பத்துப் பொம்மைகள். முன்பின் பழக்கமில்லாத பத்துப் பேர் அங்கே வரவழைக்கப்படுகிறார்கள். முதல் இரவே ஒரு இசைத்தட்டு சுழன்று, ஒவ்வொருவரும் யாருடைய சாவுக்குக் காரணம் என்று பெயர் சொல்லிக் குற்றம் சாட்டுகிறது. அதன்பின் ஒவ்வொருவராகச் சாகிறார்கள். ஒவ்வொரு சாவுக்கும் மேசையில் ஒரு பொம்மை குறைகிறது. 'அண்ட் தென் தேர் வேர் நன்' என்று இன்று நாம் அறியும் இந்த நாவல், இங்கிலாந்தில் முதலில் வெளியானபோது கறுப்பினத்தவரை இழிவுபடுத்தும் ஒரு சொல்லைத் தலைப்பில் தாங்கியிருந்தது. பொழுதுபோக்குக்குள் என்னென்ன ஒளிந்துகொள்ள முடியும் என்பதற்கு அந்தத் தலைப்பே சாட்சி.

இந்தக் கதையை இந்தியா இருமுறையாவது பெரிய அளவில் படமாக்கியது. 1965இல் இந்தியில் 'கும்நாம்'. ராஜா நவாதே இயக்கம், சங்கர் ஜெய்கிஷன் இசை. மனோஜ் குமார், நந்தா, பிராண், ஹெலன், மெஹ்மூத் என்று சுவரொட்டி நிறைய நட்சத்திரங்கள். 1970இல் தமிழில் 'நடு இரவில்'. வீணை மேதை எஸ். பாலசந்தர் தயாரித்து, இயக்கி, இசையமைத்து, நடித்தும் இருந்தார். மேஜர் சுந்தரராஜன், பண்டரிபாய், சௌகார் ஜானகி, சோ என்று அங்கும் தெரிந்த முகங்களின் கூட்டம். தீவு பங்களா, பெரும் சொத்து, அதற்காகக் கூடும் உறவினர்கள், மனநிலை பாதிக்கப்பட்ட மனைவி. இருட்டில் அலறல், நடுவில் பாட்டு, அங்கங்கே சிரிப்பு. பார்ப்பதற்கு இரண்டுமே சுகமான படங்கள்தாம். நானும் சிரித்துக்கொண்டே பார்த்தவள்தான்.

என் சண்டை அந்தச் சுகத்தோடுதான். கொலையை இவ்வளவு இலேசாக்குவதற்கு எதை இறக்கிவைத்தார்கள் என்பதுதான் என் கேள்வி. படகின் பாரத்தைக் குறைக்க எதையாவது தூக்கித் தண்ணீரில் போடுவார்கள். இந்தப் படகிலிருந்து தூக்கிப் போட்டது ஒரு பெண்ணை.

அவள் பெயர் பீட்ரிஸ் டெய்லர். நாவலைப் படித்தவர்களில்கூட எத்தனை பேருக்கு அவளை நினைவிருக்கும் என்று தெரியவில்லை. தீவுக்கு வந்த பத்துப் பேரில் எமிலி பிரெண்ட் என்றொரு வயதான அம்மாள் உண்டு. கல்யாணம் செய்துகொள்ளாதவர், பைபிளைக் கீழே வைக்காதவர், முதுகு வளையாமல் உட்காருபவர். அவர் வீட்டில் வேலை செய்த இளம்பெண்தான் பீட்ரிஸ். மணமாகாமல் கர்ப்பமானாள். எமிலி அம்மாள் அன்றைக்கே அவளை வீட்டைவிட்டு அனுப்பினார். பெற்றவர்களும் சேர்க்கவில்லை. அவள் ஆற்றில் விழுந்து செத்தாள். இதைச் சொல்லும்போது எமிலி அம்மாளின் குரலில் நடுக்கமே இல்லை. அவளைக் கொன்றது அவள் செய்த பாவம், நான் என் கடமையைத்தான் செய்தேன் என்பது அவர் நியாயம்.

கவனியுங்கள். மேசையில் இருப்பவை பத்துப் பொம்மைகள், குற்றம் சாட்டப்பட்ட பத்துப் பேருக்காக. பங்களாவின் வேலைக்காரத் தம்பதி ராஜர்ஸுக்கும் அவர் மனைவிக்கும்கூட அதில் இரண்டு உண்டு. அவர்கள் முன்னாள் எஜமானியை மருந்து தராமல் சாகவிட்டவர்கள் என்பதால். கொலை செய்திருந்தால் வேலைக்காரருக்கும் பொம்மை கிடைக்கும். கொல்லப்பட்ட வேலைக்காரிக்குக் கிடையாது. பீட்ரிஸ் பதினோராவது. அவளுக்குப் பொம்மை வார்க்கப்படவே இல்லை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். திருமதி ராஜர்ஸ் முதல் இரவே சாகிறார். மறுநாள் காலை அவர் கணவர் எல்லோருக்கும் சிற்றுண்டி பரிமாறுகிறார். விருந்தினர்கள் சாப்பிடுகிறார்கள். மனைவியின் உடல் மாடியில் கிடக்க, கீழே தட்டுகள் வருகின்றன, போகின்றன. நாவலில் என்னை மிகவும் உறையவைத்த இடம் அதுதான். அங்கே எந்தக் கொலைகாரனும் தேவைப்படவில்லை.

இனி, படங்கள் என்ன செய்தன என்று பார்ப்போம். 1945இல் ரெனே கிளேர் ஹாலிவுட்டில் எடுத்த படத்தில் எமிலி பிரெண்ட் இருக்கிறார், பீட்ரிஸ் இல்லை. எமிலி அம்மாளின் கொடுமைக்குப் பலியானவன் அங்கே அவருடைய மருமகப் பையன். 1965இல் வந்த ஆங்கிலப் படத்தில் எமிலி அம்மாளே இல்லை. அவர் இடத்தில் ஒரு அழகிய நடிகை, அவள் பொருட்டுச் செத்ததாகச் சொல்லப்படுவது ஒரு கணவன். வேலைக்காரப் பெண்ணின் வயிறும் ஆறும் திரையில் தங்கவில்லை. அதே 1965இல் நம் 'கும்நாம்' வந்தபோது மனச்சாட்சி என்ற சங்கதியே கழன்றுவிட்டது. அங்கே நடப்பது பழைய கூட்டாளிகளுக்குள் ஒரு கணக்குத் தீர்ப்பு. யார் யாரை ஏமாற்றினார்கள் என்பது மட்டும்தான் பாக்கி. பங்களா வந்தது, மழை வந்தது, சமையல்காரராக மெஹ்மூத் வந்து தன் கறுப்புத் தோலைப் பற்றித் தானே பாடி நம்மைச் சிரிக்கவைத்தார். பீட்ரிஸ் மட்டும் கப்பல் ஏறவே இல்லை.

இது தற்செயலா? நான் அப்படி நினைக்கவில்லை. யாரோ ஒரு பணக்காரன் நூலகத்தில் செத்துக் கிடந்தால் அது புதிர். கர்ப்பிணியான வேலைக்காரப் பெண் ஆற்றில் மிதந்தால் அது புதிர் இல்லை. யார் செய்தது என்று எல்லோருக்கும் தெரியும். அந்த வீட்டு ஆண், அந்த வீட்டு அம்மாள், அவளைச் சேர்க்காத அப்பா, ஊர். தெரிந்த விடைக்குத் துப்பறிவாளர் வேண்டாம். தெரிந்த விடையைப் பார்த்துச் சிரிக்கவும் முடியாது. ஆகவே அவளைக் கழித்துவிட்டுத்தான் நட்சத்திரங்களைக் கூட்ட முடியும்.

கழிக்கப்பட்டது அவள் மட்டும் இல்லை. நாவலின் நாயகி என்று சொல்லத்தக்க வீரா கிளேதார்ன் ஒரு ஆசிரியை. தான் விரும்பியவனுக்குச் சொத்து சேரட்டும் என்று, தன் பொறுப்பில் இருந்த சிறுவனைக் கடலில் நெடுந்தூரம் நீந்தப் போகவிட்டு மூழ்கச் செய்தவள். அந்த நினைவு அவளை விடுவதில்லை. கடைசியில் தானே தூக்கில் தொங்குகிறாள். கொடியவள்தான். ஆனால் ஆசையும் கணக்கும் குற்றவுணர்வும் கொண்ட ஒரு முழு மனுஷி. 1943இல் கதையை மேடைக்குக் கொண்டுவந்தபோது கிறிஸ்டியே இதை மாற்றினார். மேடையில் வீரா நிரபராதி. ஒரு ஆணோடு சேர்ந்து உயிர் பிழைக்கிறாள், அவனை மணக்கப்போகிறாள். நாடகம் முடிய இரண்டு பேராவது மிஞ்ச வேண்டும் என்பது அவருடைய தொழில் கணக்கு. 1945 படமும் 1965 ஆங்கிலப் படமும் அந்த மேடை முடிவைத்தான் எடுத்துக்கொண்டன. கல்யாணத்துக்குத் தகுதி பெற ஒரு பெண்ணின் குற்றத்தை முதலில் கழுவ வேண்டியிருந்தது.

'கும்நாமி'ல் நந்தா நடித்த ஆஷா கழுவ வேண்டிய அவசியமே இல்லாதவள். ஆரம்பத்திலிருந்தே துடைத்துவைத்த பொம்மை. பயப்படுகிறாள், பாடுகிறாள், காப்பாற்றப்படுகிறாள். ஹெலன் நடித்த கிட்டி குடிக்கிறாள், ஆடுகிறாள், உரக்கச் சிரிக்கிறாள், கொல்லப்படுகிறாள். இந்தக் கணக்கு நம் எல்லோருக்கும் மனப்பாடம். நம்மூர்ப் படங்களிலும் உடுப்பையும் பெயரையும் பார்த்தே இடைவேளைக்குப் பிறகு இவள் இருப்பாளா மாட்டாளா என்று சொல்லிவிடலாம். ஹெலன் ரங்கூனில் பிறந்தவர். ஜப்பானியப் படையெடுப்பின்போது அகதியாக பர்மாவிலிருந்து நடந்தே இந்தியாவுக்கு வந்து சேர்ந்த குழந்தை. அப்படிப்பட்ட வாழ்க்கை கொண்ட ஒரு பெண்ணிடம் திரை கேட்டதெல்லாம் ஆட்டமும் பிணமும்தான்.

தமிழ் சினிமாவுக்கு வேறு வழி தெரியாது என்றும் சொல்ல முடியாது. இதே பாலசந்தர் 1954இல் ஏவி.எம்முக்காக எடுத்த 'அந்த நாள்' பாட்டே இல்லாத படம். எதிரிக்கு உளவு சொல்லும் கணவன் சுடப்பட்டுக் கிடக்கிறான். துப்பாக்கி மனைவியின் கையில் இருந்தது என்பது கடைசியில் தெரிகிறது. பண்டரிபாயின் உஷாவுக்குக் குற்றத்தின் முழுக் கனமும் கிடைத்தது. தேசத்துக்காக என்ற சீட்டு அவளுக்கு வேண்டியிருந்தது, அது உண்மை. ஆனாலும் அவள் யோசித்தாள், முடிவெடுத்தாள், அழுதாள். பதினாறு வருஷம் கழித்து அதே கைகள் தீவுக்குப் போனபோது, பெண்ணுக்கு மிச்சமிருந்த பெரிய பங்கு பைத்தியம்.

இதையெல்லாம் ஏன் கிளறுகிறேன் என்று கேட்பவர்களுக்கு ஒரு வகுப்பைப் பற்றிச் சொல்கிறேன்.

ஒரு மழைநாள். பாடம் நடத்தும் மனநிலை யாருக்கும் இல்லை. சிட்னி லூமெட் 1974இல் எடுத்த 'மர்டர் ஆன் த ஓரியண்ட் எக்ஸ்பிரஸ்' படத்தை மாணவிகளுக்குப் போட்டுக் காட்டினேன். ஆல்பர்ட் ஃபின்னி, இங்க்ரிட் பெர்க்மன், லாரன் பகால், வனெசா ரெட்கிரேவ், ஷான் கானரி என்று ஒரு ரயில் நிறைய நட்சத்திரங்கள். பெர்க்மனுக்கு அதற்காக ஆஸ்கர் கிடைத்தது. நானே நடுநடுவே நிறுத்தித் தமிழில் விளக்கம் சொன்னேன். முடிவைச் சொல்லிவிடுகிறேன், மன்னியுங்கள். கொன்றது ஒருவர் இல்லை. பன்னிரண்டு பேர் சேர்ந்து, ஒரு நீதிமன்றத்து ஜூரி மாதிரி, ஆளுக்கொரு குத்தாகக் குத்துகிறார்கள். செத்தவன் ஒரு குழந்தையைக் கடத்திக் கொன்று சட்டத்திடம் தப்பியவன். துப்பறிவாளர் புவாரோ அவர்களை விட்டுவிடுகிறார். கடைசிக் காட்சியில் கொன்றவர்கள் ஒருவரோடொருவர் மதுக்கோப்பைகளை இடித்துக்கொள்கிறார்கள். இனிமையான இசை. படம் முடிகிறது.

விளக்கைப் போட்டேன். "யாராவது கண்டுபிடிச்சீங்களா?" என்று கேட்டேன். பின்பெஞ்சில் ஒரு பெண் எழுந்தாள். விருத்தாசலத்தைச் சுற்றியுள்ள கிராமம் ஒன்றிலிருந்து பஸ்ஸில் வருகிறவள்.

"எல்லாரும் சேந்துதான் செஞ்சிருப்பாங்கன்னு எனக்கு முதல்லயே தெரிஞ்சுபோச்சு மேம்" என்றாள். "நம்ம ஊருல அப்படித்தானே நடக்கும்."

வகுப்பில் யாரும் சிரிக்கவில்லை. அவள் எதைச் சொல்கிறாள் என்று எல்லோருக்கும் தெரிந்தது.

விருத்தாசலத்தை அடுத்த புதுக்கூரைப்பேட்டையில் 2003 ஜூலை 8 அன்று கண்ணகி, முருகேசன் என்ற இருவர் கொல்லப்பட்டார்கள். முருகேசன் தலித், பொறியியல் பட்டதாரி. கண்ணகி வன்னியர் வீட்டுப் பெண். இருவரும் படித்தவர்கள், இரகசியமாகப் பதிவுத் திருமணம் செய்துகொண்டவர்கள். அவர்களைப் பிடித்து வந்து நஞ்சைப் புகட்டிக் கொன்று எரித்தார்கள். இருட்டில் இல்லை, தனித் தீவில் இல்லை. ஊர் அறிய. யார் செய்தார்கள் என்பது அன்று மாலையே தெரியும். தெரிந்ததைத் தெரிந்ததாகச் சொல்ல அரசுக்குப் பதினெட்டு ஆண்டுகள் ஆயின. உள்ளூர்க் காவல்துறையை நம்ப முடியாமல் வழக்கு மத்தியப் புலனாய்வுத் துறைக்குப் போனது. 2021 செப்டம்பரில் கடலூர் நீதிமன்றம் 13 பேரைக் குற்றவாளிகள் என்றது. ஒருவருக்கு மரண தண்டனை, அது கண்ணகியின் அண்ணனுக்கு. 12 பேருக்கு ஆயுள். அந்தப் பதின்மூவரில் இருவர் காவல்துறையில் இருந்தவர்கள். மறு ஆண்டு உயர் நீதிமன்றம் மரண தண்டனையை ஆயுளாகக் குறைத்தது. 2025 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் தண்டனைகளை உறுதிசெய்தது.

ஓரியண்ட் எக்ஸ்பிரஸில் செத்தவனும் இவர்களும் ஒன்றா என்று கேட்பீர்கள். இல்லை. அவன் குழந்தையைக் கொன்றவன். இவர்கள் செய்தது கல்யாணம். ஆனால் கொல்லுகிறவர்களின் மனதில் என்ன வித்தியாசம்? அங்கும் இங்கும் அவர்கள் தங்களைக் கொலைகாரர்கள் என்று நினைக்கவில்லை, தீர்ப்புச் சொல்கிறவர்கள் என்றே நினைக்கிறார்கள். ஒரு குடும்பத்தின் மானம், ஒரு கூட்டத்தின் ஒருமை, சட்டம் செய்யத் தவறியதை நாம் செய்கிறோம் என்ற நிம்மதி. அந்தப் படம் அவர்கள் கோப்பையோடு நம் கோப்பையையும் இடிக்கச் சொல்கிறது. வேறு ஊரில் இருப்பவர்கள் இடிக்கலாம். மணிமுக்தாற்றங்கரையில் இருந்துகொண்டு நான் எப்படி இடிப்பேன்?

அன்றைக்கு இன்னொரு பெண்ணும் ஒரு கேள்வி கேட்டாள். "மேம், அந்தக் குழந்தைய பாத்துக்கிட்ட வேலைக்காரப் பொண்ணு செத்துப்போச்சுன்னு நடுவுல சொன்னாங்களே, அது பேரு என்ன?" எனக்குச் சட்டென்று சொல்லத் தெரியவில்லை. வீட்டுக்குப் போய்ப் புத்தகத்தைப் புரட்டினேன். குழந்தை கடத்தப்பட்டபோது போலீஸ் அந்தப் பணிப்பெண்ணைத்தான் சந்தேகப்பட்டது. குடைந்து குடைந்து கேட்டது. தாங்காமல் அவள் ஜன்னலிலிருந்து குதித்துச் செத்தாள். பிறகுதான் அவள் குற்றமற்றவள் என்று தெரிந்தது. நாவலில் அவள் பெயர் சூசன். படத்தில் போலெட். பெயரைக்கூட ஒரே மாதிரி வைத்துக்கொள்ளும் அளவுக்கு அவள் முக்கியமில்லை. அவளுடைய அப்பா அதே ரயிலின் கண்டக்டர். அவரும் ஒரு குத்துக் குத்தினார். அவள் மேல் விழுந்த பழிக்காகப் போலீஸ்காரர் யாரையாவது அந்த ரயிலில் ஏற்றினார்களா? இல்லை. அவளைக் கேள்வி கேட்டுக் கொன்றவர்களுக்கு எந்தப் பெட்டியிலும் படுக்கை ஒதுக்கப்படவில்லை.

இந்த இடத்தில் நான் நீதிபதி நாற்காலியில் உட்கார்ந்து பேசுவதாகத் தோன்றினால், அந்த இசைத்தட்டில் என் பெயரையும் படிக்கச் சொல்கிறேன்.

நான் வேலைக்குச் சேர்ந்த புதிது. இரண்டாம் ஆண்டுப் பெண் ஒருத்தி. கவிதை எழுதுவாள், சங்கப் பாடல்களைத் தப்பில்லாமல் சொல்வாள். பஸ் ஸ்டாண்டில் ஒரு பையனோடு நிற்கிறாள் என்று பேச்சு வந்தது. நானே ஒரு நாள் பார்த்தேன். நல்லது செய்வதாக நினைத்துக்கொண்டு அவள் அம்மாவைக் கூப்பிட்டுச் சொன்னேன். பொண்ணு படிப்பு கெட்டுடக் கூடாதும்மா, பாத்துக்குங்க என்று. அடுத்த வாரம் அவள் வரவில்லை. அந்த மாதமே கல்யாணம் என்றார்கள், பையன் அவனில்லை. பருவத் தேர்வில் அவள் எண் எழுதிய மேசை காலியாக இருந்தது. அவள் உயிரோடு இருக்கிறாள், பிள்ளைகள் இருக்கிறார்கள் என்று பிறகு கேள்விப்பட்டேன். அதைச் சொல்லி என்னை ஆறுதல்படுத்தியவர்கள் உண்டு. எமிலி பிரெண்டுக்கும் ஆறுதல் சொல்ல ஆட்கள் இருந்திருப்பார்கள். நானும் அவரைப் போல அன்று முதுகு வளையாமல்தான் உட்கார்ந்திருந்தேன்.

ஆகவே பீட்ரிஸின் கதையைப் படத்திலிருந்து நீக்கும்போது, நீங்குவது அவள் மட்டும் இல்லை. நல்ல பெண்களாகிய நாம் செய்யும் கொலையும் சேர்ந்து நீங்குகிறது. விடுதிக் காப்பாளர், பேராசிரியை, அத்தை, மாமியார், பக்கத்து வீட்டு அக்கா என்று நல்லதுக்குத்தான் சொன்னேன் என்கிற நம் எல்லோரையும் அந்தத் திரை விடுவித்து வீட்டுக்கு அனுப்புகிறது. நமக்கு அது சுகமாக இருப்பதில் ஆச்சரியமில்லை.

சரி, பொழுதுபோக்கிலுமா இதையெல்லாம் தேடுவது என்பார்கள். எனக்குப் பதில் கிறிஸ்டியிடமே இருக்கிறது. கிறிஸ்டி பெண்ணியவாதி ஒன்றும் இல்லை. அவர் பணிப்பெண்கள் பலரும் வாயைத் திறந்தபடி நிற்கும் அசடுகள். ஆனால் 1953இல் வந்த 'எ பாக்கெட் ஃபுல் ஆஃப் ரை' நாவலில் கிளாடிஸ் என்றொரு பணிப்பெண் கழுத்து நெரிக்கப்பட்டுக் கிடக்கிறாள். அவள் மூக்கில் துணி காயப்போடும் கிளிப்பை மாட்டிவைத்திருக்கிறான் கொன்றவன். விளையாட்டுக்கு. அதே வீட்டில் முதலாளியும் முதலாளியம்மாவும்கூடச் செத்திருக்கிறார்கள். மிஸ் மார்ப்பிள் என்கிற கிழவி ரயிலேறி வருவது அவர்களுக்காக இல்லை, கிளாடிஸுக்காக. அநாதை விடுதியிலிருந்து வந்த அந்தப் பெண்ணுக்கு வீட்டுவேலை பழக்கியவர் அவர். அந்தக் கிளிப்பைப் பற்றிக் கேட்டதும் அவருக்கு வருவது கோபம். மற்ற கொலைகளில் பணக் கணக்கு இருக்கிறது, இதில் இருப்பது அவமதிப்பு என்பது அவருக்குப் புரிகிறது. அந்தக் கோபம்தான் கொலைகாரனைப் பிடிக்கிறது. கோபம் வந்ததால் அந்த நாவல் சுவை குன்றிவிட்டதா? எனக்கு அவர் எழுதியவற்றில் மறக்க முடியாதது அதுதான்.

நாம் கிறிஸ்டியிடமிருந்து தீவை வாங்கினோம், பங்களாவை வாங்கினோம், சாகும் வரிசையை வாங்கினோம். அந்தக் கிழவியை வாங்கவில்லை. வங்காளம் வாங்கியது. 2003இல் ரிதுபர்ணோ கோஷ் எடுத்த 'ஷுபோ மஹரத்' படத்தில் மிஸ் மார்ப்பிள் ஒரு விதவைப் பிஷிமா ஆனார். அந்த வேடத்துக்கு ராக்கிக்குத் தேசிய விருது கிடைத்தது. தமிழில் துப்பறியும் கதை எழுதிய பெண் இல்லாமல் இல்லை. வை.மு. கோதைநாயகி அம்மாள் 115 நாவல்கள் எழுதினார், அவற்றில் துப்பறியும் கதைகளும் உண்டு. ஆனால் நம் வெகுஜன நினைவில் தங்கியவர்கள் சங்கர்லாலும் கணேஷ் வசந்தும் விவேக்கும்தான். பட்டுக்கோட்டை பிரபாகரின் பரத் சுசீலா ஜோடியில் சுசீலா துப்பறிவாள் என்பது உண்மை. வாசகர் முதலில் நினைவு வைத்திருப்பது அவள் டி-ஷர்ட்டில் எழுதியிருந்த வாசகங்களை.

இத்தனைக்கும் நம் மொழியில் சாட்சியத்தை வைத்து வழக்கை உடைத்த முதல் ஆள் ஒரு பெண். சிலப்பதிகாரத்தை வகுப்பில் நடத்தும்போது கற்பு, ஊழ், சாபம் என்று போய்விடுகிறோம். வழக்குரை காதையை ஒருமுறை வழக்காகப் படித்துப் பாருங்கள். திருட்டு நடந்திருக்கிறது. உண்மைத் திருடனாகிய பொற்கொல்லனே புகார்தாரர். அரசன் விசாரிக்காமல் ஆளைக் கொன்றுவிட்டான். அவையில் தலைவிரி கோலமாக வந்து நிற்பவள் அழுது முடித்துவிட்டுக் கேட்பது ஒரு பௌதிகச் சாட்சியத்தை. அரசியின் சிலம்புக்குள் இருப்பது முத்து, என்னுடையதில் மாணிக்கம், உடைத்துப் பாருங்கள். உடைக்கிறாள். மாணிக்கம் தெறிக்கிறது. வழக்கு முடிந்தது. புவாரோவுக்கு எல்லோரையும் ஒரு கூடத்தில் உட்காரவைத்து நெடுநேரம் பேச வேண்டியிருக்கிறது. அவளுக்கு ஒரு சிலம்பு போதுமாயிருந்தது. அவள் கண்டுபிடிப்பில் யாரும் மதுக்கோப்பை இடிக்கவில்லை. குற்றம் அரசனுடையது என்பதை அரசனே ஏற்றுச் சாக வேண்டியிருந்தது.

அந்தப் பெயரைத்தான் புதுக்கூரைப்பேட்டையில் ஒரு வீட்டில் மகளுக்கு வைத்தார்கள். அவளுக்கு அவை கிடைக்கவில்லை.

நான் கேட்பது தடை இல்லை. 'கும்நாமை'ப் பாருங்கள். முதல் பாட்டில் முகமூடியோடு ஆடும் லக்ஷ்மி சாயாவைப் பார்த்துக் கால் தாளம் போடாமல் இருக்க முடியாது. ஓரியண்ட் எக்ஸ்பிரஸையும் பாருங்கள். பார்க்கும்போது மேசையில் இல்லாத பொம்மையையும் எண்ணுங்கள் என்றுதான் கேட்கிறேன். தட்டு எடுத்தது யார், விருந்தினர் அறையைப் பெருக்கியது யார், நடுவில் ஒரு வரியில் செத்துப்போனது யார், அவளுக்குப் பெயர் உண்டா என்று கேளுங்கள். வீடும் ஒரு பணியிடம் என்று 2013ஆம் ஆண்டின் பாலியல் துன்புறுத்தல் தடுப்புச் சட்டம் சொல்கிறது. வீட்டுவேலை செய்யும் பெண் மாவட்டத்தின் உள்ளூர்ப் புகார்க் குழுவிடம் போகலாம். இதை உங்கள் தெருவில் வேலைக்கு வரும் அக்காவுக்கு யாராவது சொன்னார்களா என்றும் கேளுங்கள்.

உங்களில் எழுதப்போகிறவர்கள் இருக்கிறீர்கள். ஒரு துப்பறியும் கதையை ஆற்றங்கரையிலிருந்து தொடங்குங்கள். பீட்ரிஸ் அங்கே கிடக்கட்டும். யார் செய்தது என்று கேட்காதீர்கள், அது ஊருக்கே தெரியும். தெரிந்தும் காலையில் எப்படிச் சிற்றுண்டி சாப்பிட்டார்கள் என்று கேளுங்கள். அப்போது என் பெயரும் வரும். வரட்டும்.

தொழிற்பேட்டையில் பொம்மைக்கு வண்ணம் பூசும் ஒரு அம்மாவிடம், எதை முதலில் வரைவீர்கள் என்று ஒருமுறை கேட்டேன். உடுப்பு, நகை, உதடு எல்லாம் முடித்துக் கடைசியாகத்தான் கண் என்றார். "கண்ணு எழுதிட்டா அப்புறம் அது நம்மளப் பாக்க ஆரம்பிச்சிடும் இல்ல" என்றார்.

பதினோராவது பொம்மைக்கும் கண் எழுத வேண்டும்.